ஆல்டோ

புளியரை தாண்டி
எஸ் வளைவின் கீழ்ப்பாதியில் ஷெர்லின் ஜன்னல் சீட் கேட்டாள்.
மேல்பாதி முடிவதற்குள்
சொப்ரானோ ஆறு பேரும்
ஆளுக்கொரு பாலித்தீன் பைக்குள் தலைகுனிந்திருந்தார்கள்,
ஜெபிக்கிற மாதிரியே.

இருந்தது ஒரே எலுமிச்சம்பழம்.
மூக்கு மூக்காகக் கைமாறி
எங்களிடம் வந்தபோது மணம் தீர்ந்திருந்தது.
ஆல்டோக்களுக்கு எதுவும் அப்படித்தான் வரும்.

ஆரியங்காவு சோதனைச் சாவடி.
முன்னால் பாவூர்ச்சத்திரத்துத் தக்காளி லாரி,
பின்னால் வைக்கோல்.
பெர்மிட்டில் கல்விச் சுற்றுலா என்றிருந்தது.
காக்கிச் சட்டைக்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னார்:
இருபத்து மூன்று கறுப்பு அங்கி,
ஒரு கீபோர்டு,
தொண்டைக்கென்று பனங்கற்கண்டு இரண்டு கிலோ.
"இதெந்து டூரா?"

"கண்டக்டர் ஆரா?"
விசிலோடு ஒருவர் இறங்கினார்.
சுருதிக்குழலோடு ஒருவர் இறங்கினார்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெல்சன் சார் விளக்கினார்:
பாளையங்கோட்டை, கல்லூரி கொயர்,
இன்று ராத்திரி புனலூர், நாளை கொட்டாரக்கரை,
ஞாயிறு அடூர்.
"எங்கில் பாடிக்கே" என்றார் அவர்,
பாட்டில் இருந்தால் எடு என்கிற அதே குரலில்.

பாடுவதற்கு மெட்டு இல்லை.
மெட்டு பஸ்சுக்குள் சீட்டோடு சாய்ந்து கிடந்தது.
டெனர்கள் பழம்பொரி தேடிப் போயிருந்தார்கள்.
பேஸ் பக்கம் அஜின் ஒருவன் இருந்தான்,
அவனும் தேக்கு மரத்துக்கு முன்னால்
எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.
ஆக, நாலு பேர்:
விஜிலா, ஹெப்சி, பிரெமிளா, நான்.

இதைச் சொல்லியாக வேண்டும்,
ஆல்டோ என்பது பாட்டு இல்லை.
வீட்டில் பாடிக் காட்டினால்
"சரிட்டீ, பாட்டை எப்பப் பாடுவ?" என்பாள் அம்மா.
எட்டு எண்ணிக்கைக்கு ஒரே சுரம்,
பிறகு அரைப்படி இறக்கம்,
மறுபடி பழைய இடம்.
கான்கிரீட்டுக்குள் போகிற கம்பி.
பூசி வெள்ளையடித்த பிறகு
எங்கே கம்பி என்று யார் கேட்பார்கள்?

சார் கையை உயர்த்தினார்.
முதல் வரி
சாவி கிடைத்தும் ஆள் குடிவராத வீடு மாதிரி இருந்தது.
இரண்டாம் வரியில் பயம் போயிற்று.
மூன்றாம் வரியில்,
மேலே ஒரு குரல் வந்து எங்களை மூட வேண்டிய இடத்தில்
ஒன்றும் வரவில்லை.
மலைக்காற்று வந்தது. தேக்கிலை உரசல்.
வைக்கோல் லாரி ஓடிக்கொண்டே நின்றது,
அதன் உறுமல் எங்களுக்கு அரைச்சுரம் கீழே.
விஜிலா மட்டும் மெல்ல இறங்கி
லாரியோடு சேர்ந்துகொண்டாள்.
அவளைத் தனியே விடக்கூடாதென்று நாங்களும்.

தக்காளி லாரிக் கிளீனர் பெட்டிமேல் உட்கார்ந்து
சரக்கிலிருந்தே ஒன்றை எடுத்துக்
கடித்தபடி கேட்டான்.

எந்த ஒத்திகையிலும் சாரின் இடதுகை
எங்கள் பக்கம் வந்தால்
உள்ளங்கை கீழ்நோக்கித்தான் வரும்:
குறை. இன்னும் குறை.
அன்றைக்கு அதற்கு வேலையில்லை.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

முடிந்தது.
"இதில் பாட்டெவிடெ?" என்றார் காக்கி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவேதான்.
ஆனாலும் முத்திரை குத்தினார்,
இரண்டு இடத்தில்.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் தெரிந்தபோது
பஸ் முழுக்க எழுந்து படம் எடுத்தது.
கண்களைத்தான் எண்ணினார்கள்.
நான் நடுவில் நின்ற தூண்களை எண்ணி
பாதியில் விட்டுவிட்டேன், மரம் மறைத்தது.

புனலூரில் மேடை, விளக்கு,
தேறிவிட்ட சொப்ரானோக்கள்.
கைதட்டல் ஷெர்லினுக்கு. நியாயம்தான்,
மதியத்திலிருந்து வெறும் வயிறு,
அந்த உச்சத்தைப் பிடித்து
எறும்பு ஊர்கிற அளவுகூட நழுவாமல் நின்றாள்.

மூன்றாம் வரியில் சாரின் இடதுகை
எங்கள் பக்கம் வந்தது,
உள்ளங்கை கீழ்நோக்கி.
நாங்கள் நாலு பேரும்
மனப்பாடமான பாட்டின் தாளை
உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.